ரீச்சரின் காலடி மண்

மீனாம்பிகை ரீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். சண்டைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அவளுடையது புகழ்கிற வாய். ஒரு பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டால் போதும், எவ்வளவு துப்புரவான பிள்ளை என்பாள். மணலில் 'அ' எழுதச் சொல்லி அது நண்டு மாதிரி வந்தாலும், என்ன வடிவான நண்டு என்பாள். சின்னப் பிள்ளைகளைத் தடியால் அல்ல, பாராட்டால் படிப்பிக்க வேண்டும் என்று பயிற்சிக் கலாசாலையில் சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் சிந்தாமல் ஏந்திக்கொண்டு வந்தவள் அவள்.

சொல்லிக்கொடுத்தவர்கள் ஒன்றை மட்டும் மறந்துபோனார்கள். எங்கள் தென்மராட்சிப் பக்கத்துத் தாய் ஒருத்திக்கு முன்னால் அவள் பிள்ளையைப் புகழ்வதும் அந்தப் பிள்ளைமேல் கல்லெறிவதும் ஏறக்குறைய ஒன்றுதான். புகழ்ந்தவர் வேலிப் படலையைத் தாண்டுமுன்னே குசினியில் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்தாகிவிடும். வந்தவரின் காலடி மண்ணில் ஒரு பிடி அள்ளிச் சேர்த்து, பிள்ளையின் தலையை மூன்று தரம் சுற்றி நெருப்பில் போடுவார்கள். மிளகாய் எரிகிறபோது எல்லோரும் இருமினால் ஒன்றுமில்லை. இருமல் வராவிட்டால், பிள்ளைக்கு நாவூறு, புகழ்ந்த நாக்கின் தோசம், பட்டிருந்தது, இப்போது கழிந்துவிட்டது என்று அர்த்தம். உடுப்பிட்டியில் பிறந்து வளர்ந்த மீனாம்பிகைக்கு இது தெரியாத விசயமில்லை. அவளுடைய அம்மாவும் சுற்றிப் போட்டவள்தான். ஆனால் கலாசாலையில் இரண்டு வருசம் இருந்துவிட்டு வந்தவளுக்கு அதெல்லாம் படிக்காத ஆக்களின் வேலையாகத் தெரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கிழமை, கொடிகாமத்துக்குத் தெற்கே உள்ள அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அரிவரி வகுப்பில் சேர்ப்பதற்குத் தங்கரத்தினம் தன் மகள் அருந்ததியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தங்கரத்தினத்தின் புருசன் இராசநாயகம் மலாயாவில், சிரம்பானில், ரெயில்வேக் கிளாக்கர். பென்சன் எடுக்க இன்னும் பத்து வருசம் கிடந்தது. பிள்ளை ஊரிலே படிக்கட்டும் என்று தாயையும் மகளையும் கப்பலேற்றி அனுப்பியிருந்தார். அருந்ததிக்கு ஐந்து வயது. வீட்டில் தமிழ், சமைக்க வந்த மலாய்க்காரியிடம் மலாய், அடுத்த வீட்டு யூரேசியப் பிள்ளைகளிடம் இங்கிலீசு என்று மூன்றையும் மூன்று சட்டை மாதிரி மாற்றி மாற்றிப் போட்டு வளர்ந்த பிள்ளை.

அன்று தங்கரத்தினத்துக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. ரீச்சருக்கு எண்ணிக் காட்டு பிள்ளை என்று அவளே சொல்லிவிட்டாள். அருந்ததி மேசையில் கிடந்த புளியங்கொட்டைகளைத் தமிழில் எண்ணினாள். பிறகு சாத்து, துவா, தீகா என்று மலாயில் எண்ணினாள். பிறகு இங்கிலீசிலும் எண்ணி முடித்து, கையைத் தட்டிக் கொட்டைத் தூசியை உதறினாள். மீனாம்பிகை ரீச்சர் கதிரையிலிருந்து எழும்பியே விட்டாள். மூன்று பாசையா, இந்த வயதிலா, இப்படி ஒரு பிள்ளையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று அடுத்த வகுப்புக்கும் கேட்கச் சொன்னாள். தங்கரத்தினத்தின் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பும் பின்னால் ஒரு கலக்கமும் வந்து போயின. ரீச்சர் சிரிப்பை மட்டும்தான் கண்டாள்.

அடுத்த நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். ஒன்பது நாள் நெருப்பாய்க் காய்ந்தது. பத்து நாள் கழித்து அருந்ததி பள்ளிக்கூடம் வந்தபோது கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. வாயில் பேச்சு இல்லை.

ஒரு கிழமை, இரண்டு கிழமை என்றில்லை, மூன்று மாதம் அந்தப் பிள்ளை வாய் திறக்கவில்லை. எழுதச் சொன்னால் எழுதினாள். எண்ணச் சொன்னால் புளியங்கொட்டையைச் சரியாய் அடுக்கிவிட்டு ரீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். கொடிகாமத்தில் ரெயில் ஊதினால் முதலில் திரும்புகிற தலை அவளுடையது. ஆனால் ஒரு ஓம், ஒரு இல்லை கிடையாது. வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன், ஸ்டேசனில் சிக்னல் வேலை பார்க்கிற யாகப்புவின் மகன் சூசைதாசன். சிங்கள ஊரான பொல்காவலையில், ஸ்டேசனில் பிறந்து வளர்ந்து அண்மையில்தான் இந்தப் பக்கம் மாறி வந்தவன். தமிழும் சிங்களமும் கலந்து மூச்சு விடாமல் கதைப்பான். அந்த வாங்குக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் அவனே பேசித் தீர்த்தான்.

ரீச்சர் தன் பங்குக்குச் செய்யாதது இல்லை. பனங்கட்டி கொடுத்தாள், படம் காட்டினாள், பூனை மாதிரியும் கத்திக் காட்டினாள். பிள்ளை எதற்கும் வாய் திறக்கவில்லை. தான் என்ன பிழை விட்டோம், பிள்ளை ஏன் தனக்குப் பயப்படுகிறது என்று யோசித்து யோசித்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிய வாத்தியார் அருளம்பலத்துக்கு அப்படி ஒரு யோசனையும் வரவில்லை. ஒரு நாள் அவர் ரீச்சரைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உது ஊமை. நீர் வீணாய் மினக்கெடுறீர்" என்றார்.

"அவள் கதைச்சதை நான் என்ரை காதாலை கேட்டனான், ஐயா."

"நான் கேக்கேல்லை. வாறவரும் கேக்கப்போறதில்லை."

வாறவர் என்று அவர் சொன்னது, ஆண்டுக்கு ஒரு தரம் பள்ளிக்கூடத்தைப் பரீட்சிக்க வருகிற வித்தியாதரிசியை. இந்த முறை ஆனி மாதம் கொழும்பிலிருந்து தமிழ் தெரியாத ஒரு துரை வருகிறாராம். அவர் கேட்கிற கேள்விக்கு வாய் திறக்காமல் ஒரு பிள்ளை குந்தியிருந்தால் பள்ளிக்கூடத்துக்கே இழுக்கு என்றார் வாத்தியார். துரைக்கு முன்னால் ஒரு சொல், ஒரே ஒரு சொல் பேசினாலும் காணும். இல்லாவிட்டால் வகுப்பு இடாப்பில் பெயரை வெட்டிவிட்டு, தெற்கே ஊமைப் பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தானே கடிதம் எழுதப்போவதாகவும் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார். கடிதத்தை ஏற்கெனவே எழுதி மேசை லாச்சியில் வைத்திருந்தார்.

அன்று பின்னேரமே மீனாம்பிகை குடையை எடுத்துக்கொண்டு தங்கரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள். அந்த ஊரில் ரீச்சர் வீடு தேடி வருகிறாள் என்றால் முறைப்பாட்டோடுதான் வருகிறாள் என்று அர்த்தம். தங்கரத்தினம் பதறிப்போய் விறாந்தையில் கதிரை போட்டு, மூக்குப்பேணியில் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

ரீச்சர் ஒரு வாய் குடிக்குமுன்னே வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கணீரென்று கேட்டது. "பெர்கி! பெர்கி!" என்று மலாயில் கோழிகளைத் துரத்துகிற குரல். பிறகு அதே குரல் ஆட்டுக்கு இங்கிலீசில் புத்தி சொன்னது. பிறகு பொம்மை ஒன்றை மடியில் வைத்திருக்கிற தாய் மாதிரி, அழாதையடி குஞ்சு, அம்மா வாறன் என்று தமிழில் தேற்றியது.

அது யார் என்று ரீச்சர் கேட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றாள் தங்கரத்தினம், கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டில் எழுபது வயதுக் கிழவர் ஒருவர் தனியாக இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். எங்கள் பிள்ளை சரியான மொக்கு, ரீச்சர், அதுக்கு ஒன்றும் தெரியாது என்று தங்கரத்தினம் சொல்லிக்கொண்டிருக்க, அந்த மொக்கு பின்னால் நின்று ஆட்டுக்கு இங்கிலீசுப் பாட்டொன்றைப் படித்துக் காட்டியது.

ரீச்சர் அதற்குமேல் துருவவில்லை. வாத்தியார் சொன்னதை அப்படியே சொன்னாள். பாப்பம் ரீச்சர் என்றாள் தங்கரத்தினம், மோர்ப்பேணியை எடுத்துக்கொண்டு.

ஒழுங்கை முடக்கு மட்டும் போன பிறகுதான் குடையை விட்டுவிட்டு வந்தது ரீச்சருக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்ப் படலையைத் திறந்தாள். முற்றத்தில் தங்கரத்தினம் கையில் சிரட்டையோடு குனிந்து நின்றாள். வெள்ளை மணலில் ரீச்சரின் செருப்புத் தடம் விறாந்தையிலிருந்து படலை வரைக்கும் வரிசையாய்க் கிடந்தது. சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுக்கிற மாதிரி அவள் ஒவ்வொரு தடமாய்ப் பார்த்து, இது வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று முணுமுணுத்துக்கொண்டு, கடைசியில் ஒன்றிலிருந்து மண்ணைச் சுரண்டினாள்.

மீனாம்பிகைக்கு இப்போதுதான் விளங்கியது. மூன்று மாதமாய்த் தேடிய காரணம் இதுதானா. பிள்ளை பயந்தது தன் நாக்குக்கு. அந்தப் பிள்ளைக்காகச் சோறு தண்ணி இல்லாமல் அலைந்த தன்னை நாவூறுக்காரி என்று வைத்து மண் அள்ளியிருக்கிறார்கள். அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்ததில் எதை முதலில் விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபம்தான் முந்தியது.

"என்ரை நாக்கிலை என்ன, விசமே இருக்கு?" என்றாள்.

தங்கரத்தினம் நிமிர்ந்தாள். பிடிபட்டவளின் முகம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு அவளும் அழத் தொடங்கினாள். ஒன்பது நாள் காய்ச்சலைச் சொன்னாள். மூன்று மாதமாய் ஒழுங்கையில் ரீச்சரின் தடம் பார்த்து மண் அள்ளிச் சுற்றிப் போட்டதைச் சொன்னாள். வெளி ஆட்களுக்கு முன்னால், அதிலும் ரீச்சருக்கு முன்னால், வாய் திறக்கக் கூடாது என்று பிள்ளையிடம் சத்தியம் வாங்கியதைச் சொன்னாள். காய்ச்சல் நுளம்பு கடித்து வருவது, மிளகாய்க்குக் காரம் இருப்பதால் இருமல் வருவது என்று ரீச்சர் பாடம் நடத்த வாயெடுத்தாள். தங்கரத்தினம் இடையில் மறித்தாள்.

"எனக்கு முதல் ஒரு பெடியன் இருந்தவன், ரீச்சர். மூண்டு வயசு. அவன்ரை கதையைக் கேக்கவெண்டே சிரம்பானிலை ஆக்கள் வருவினம். ஒருநாள் ஒரு விருந்திலை அவனை மேசையிலை ஏத்திவிட்டுக் கதைக்கச் சொல்லிச்சினம். எல்லாரும் கை தட்டிச்சினம். நானும் தட்டினன். அந்தக் கிழமையே கண்ணை மூடிட்டான்."

நுளம்பைப் பற்றியும் மிளகாயைப் பற்றியும் ரீச்சர் படித்ததெல்லாம் சரிதான். நானும் தட்டினன் என்று சொல்கிற தாய்க்குச் சொல்ல அதில் ஒன்றும் இருக்கவில்லை. அவள் விறாந்தைப் படியில் இருந்துகொண்டாள். மூன்று மாதமாய்ச் சுற்றிப் போட்டும் ஏன் இன்னும் கழியவில்லை என்று மெல்லக் கேட்டாள். கேலியாய்க் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய வேண்டும் போல இருந்தது.

தங்கரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நீங்கள் செருப்போடையெல்லோ நடக்கிறியள். இது செருப்பு மண். காலடி மண் இல்லை. இதைப் போட்டால் நாவூறு எப்பிடிப் பிடிக்கும்? ஒவ்வொருக்காலும் நாங்கள் இருமித்தான் சாகிறம்."

மீனாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டாள். எழும்பினாள், இரண்டு செருப்பையும் கழற்றிப் படியில் வைத்தாள். வெயில் குடித்துச் சுட்டுக்கொண்டு கிடந்த மணலில் வெறுங்காலோடு இறங்கி, விறாந்தையிலிருந்து படலை வரைக்கும் ஒவ்வொரு காலாய் அழுத்தி ஊன்றி நடந்தாள். திரும்பி அதேபோல நடந்து வந்தாள்.

"எடுங்கோ அக்கா. வேண்டியளவு எடுங்கோ. இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தாறன். ஆனால் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துதான் எடுக்கவேணும். பிள்ளை கதைக்கவேணும். என்னாலை புகழாமல் இருக்கேலாது. புகழுறது என்ரை வேலை, கழிக்கிறது உங்கடை வேலை."

தங்கரத்தினம் பின்பக்கம் திரும்பி அருந்ததியைக் கூப்பிட்டாள். அடுப்பு நெருப்பு ஒரு சட்டியில் வந்தது. உப்பு, மிளகாய், வெறுங்கால் மண் எல்லாம் சேர்ந்து பிள்ளையின் தலையை மூன்று தரம் சுற்றி நெருப்பில் விழுந்தன. படபடவென்று வெடித்தது. ஒருவருக்கும் இருமல் வரவில்லை. காற்று வேலிப் பக்கமாய் அடித்ததில் புகை முழுக்கக் கிழவரின் வளவுக்குள் போனதை ரீச்சர் கண்டாள். கண்டதை அவள் சொல்லவில்லை.

தங்கரத்தினம் பெருமூச்சு விட்டு, இனிக் கதை பிள்ளை என்றாள்.

அருந்ததி தாயைப் பார்த்தாள், ரீச்சரைப் பார்த்தாள், மூச்சை இழுத்தாள். மூன்று மாதத்து முறைப்பாடும் ஒன்றாய் வந்தது. சூசைதாசன் மாசி மாதம் தன் சிலேட்டுப் பென்சிலை எடுத்தவன், இன்னும் தரவில்லை. பங்குனியில் ரீச்சர் ஒரு நாள் எட்டுக் கொட்டையை ஒன்பது என்று பிழையாய்ச் சொன்னவ. பனங்கட்டி நல்லாய் இருந்தது, ஆனால் சின்னத் துண்டு. ரீச்சர் பூனை மாதிரிக் கத்தினது பூனை மாதிரி இல்லை, பூனை இப்படித்தான் கத்தும் என்று கத்தியும் காட்டினாள். மீனாம்பிகை ரீச்சர் சிரித்துச் சிரித்துப் படியில் குந்தியே விட்டாள்.

சொன்ன சொல் தப்பாமல் வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விடுகிற நேரத்துக்குத் தங்கரத்தினம் சட்டியோடு வந்தாள். ரீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நாலடி நடந்து கொடுப்பாள். இரண்டாம் கிழமை சூசைதாசனின் தாய் லூர்த்தம்மாவும் வந்து சேர்ந்தாள். நான் பிறந்த குருநகரிலையும் உதுதானே என்று சிரித்துக்கொண்டு, உப்புக்கு மேல் ஒரு சிலுவை அடையாளம் போட்டுத் தன் மகனையும் சுற்றினாள். ஐந்தாம் கிழமை அரிவரி வகுப்புத் தாய்மார் பாதிப்பேர் வரிசையில் நின்றார்கள். அதுவரைக்கும் பள்ளிக்கூட வாசலை மிதிக்கக் கூச்சப்பட்டவர்கள் அவர்கள்.

மிளகாய் எரிந்து முடிந்தாலும் அவர்கள் உடனே போய்விடவில்லை. எந்தப் பிள்ளை வீட்டில் என்ன கதைக்கிறது, எதற்குச் சிரிக்கிறது என்று ரீச்சருக்குச் சொன்னார்கள். வகுப்பில் என்ன நடக்கிறது என்று ரீச்சர் அவர்களுக்குச் சொன்னாள். மகன் சிங்களம் கதைத்தால் ஊர் பகிடி பண்ணும் என்று வீட்டில் அவன் வாயில் அடித்துக்கொண்டிருந்தேன் என்று லூர்த்தம்மா ஒரு நாள் வெட்கத்தோடு சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை ரீச்சர் சூசைதாசனை எழுப்பி, முழு வகுப்புக்கும் சிங்களத்தில் எண்ணப் பழக்கச் சொன்னாள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பழக்கினான். அருந்ததி மலாய் பழக்கினாள். பிள்ளைகள் புளியங்கொட்டையை நாலு பாசையில் எண்ணின. எந்தப் பாசையில் எண்ணினாலும் கொட்டை பத்துத்தான் என்று கண்டுபிடித்தபோது அவர்களுக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்குப் போய்த் தாய்மாரையும் விடவில்லை. முருங்கைக்காய் விற்கிறவள் படலையில் வந்து நின்றால் சாத்து, துவா என்று எண்ணி வாங்குகிற அளவுக்கு ஊர் கெட்டுப்போனது.

பெரிய வாத்தியார் மட்டும் தன் அறைக்குள் இருந்து வெள்ளிக்கிழமைதோறும் கண்ணீர் வர இருமினார். அவருக்கு நாவூறு இல்லை, அவரை ஒருவரும் இதுவரைக்கும் புகழ்ந்ததில்லை என்று தாய்மார் தங்களுக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளை பேசுகிறாள் என்று ரீச்சர் போய்ச் சொன்னபோதும் அவர் மசியவில்லை. ஒரு முறை அவர் போய்க் கேட்டதற்கு அருந்ததி வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அவருடைய மண் எடுத்தாகவில்லையே. கடிதம் லாச்சியிலேயே இருக்கட்டும், துரைக்கு முன்னால் பார்ப்போம் என்றார்.

துரை வருகிற நாளுக்கு முதல் நாள் தங்கரத்தினம் வந்து, பிள்ளையை நாளைக்கு அனுப்பமாட்டேன் என்றாள். மீனாம்பிகைக்குத் தலையில் இடி விழுந்தது.

"உங்கடை மண் கிடைக்குது. துரையின்ரை மண்ணுக்கு நான் எங்கை போக?" என்றாள் தங்கரத்தினம். "அவர் சப்பாத்தும் கால்மேசும் போட்டு வருவார். கதைச்சாளெண்டால் புகழாமல் போகமாட்டார். புகழ்ந்துபோட்டுக் காரிலை ஏறிப் போயிடுவார். பிறகு என்ரை பிள்ளைக்கு ஆர் பொறுப்பு?"

வராவிட்டால் பெயர் வெட்டுப்படும். வந்து பேசாவிட்டாலும் வெட்டுப்படும். ரீச்சர் வேறு வழி தெரியாமல், மண்ணுக்கு நான் பொறுப்பு, பிள்ளையை அனுப்புங்கோ என்று சொல்லிவிட்டாள். கொழும்புத் துரையின் சப்பாத்தைக் கழற்றுவிக்கிறது எப்படி என்று சத்தியமாய் அவளுக்குத் தெரியாது.

காலையில் அவள் பிள்ளைகளைக் கொண்டு வகுப்பு வாசல் நிறைய வெள்ளை மணலைப் பரப்புவித்தாள். இந்த வேலியிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் அதில் பிள்ளைகள் எழுத்துகளை எழுதினார்கள். மிதிக்காமல் உள்ளே போக இடமில்லை. எழுத்தைச் சப்பாத்தோடு மிதிக்கிறதில்லை, தயவுசெய்து கழற்றிவிட்டு வாருங்கள் என்று துரைக்குச் சொல்ல ஒரு இங்கிலீசு வசனத்தை விடிந்ததிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பத்து மணிக்குக் கார் வந்தது. துரை வந்து வாசலில் நின்றார். பளபளக்கிற கறுப்புச் சப்பாத்து. ரீச்சரின் வசனம் எங்கேயோ பறந்துபோனது. வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. எல்லாத்தையும் கூட்டித் தள்ளும், துரை நடக்கட்டும் என்று பின்னால் நின்ற பெரிய வாத்தியார் பல்லைக் கடித்தார். வேலிக்கு வெளியே தாய்மார் எட்டி எட்டிப் பார்த்தார்கள். துரை ஒரு காலைத் தூக்கினார்.

அருந்ததி எழும்பினாள். எழுத்தை மிதிக்கக் கூடாது ஐயா, சப்பாத்தைக் கழற்றிவிட்டு எழுத்துக்கு இடையில் கால் வைத்து வாருங்கள், விழுந்துவிடாமல் நான் கை பிடிக்கிறேன் என்று சிரம்பானில் கதைத்த இங்கிலீசில் கணீரென்று சொன்னாள். துரை தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். குனிந்து அவளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, வாத்தியாரின் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, சப்பாத்தையும் கால்மேசுகளையும் கழற்றினார். ஒரு கால்மேசில் பெருவிரலுக்கு நேரே ஓட்டை. அதைக் கண்டதும் மீனாம்பிகைக்கு அவர்மேல் இருந்த பயம் பாதி போய்விட்டது. அவர் சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் நடுவே கால் பதித்துப் பதித்து வந்தார்.

ஒரு சொல் கேட்ட பெரிய வாத்தியாருக்கு ஒரு கூடை சொல் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். துரை ஒரு மணி நேரம் அந்த வகுப்பைவிட்டு அசையவில்லை. பிள்ளைகளோடு நிலத்தில் குந்தி மலாயில் பத்து வரைக்கும் எண்ணப் பழகினார். ஐந்துக்கு வந்ததும் இரண்டு தரம் பிழைவிட்டார். சூசைதாசன் அவரைத் திருத்தினான். போகிறபோது வாசலில் நின்று இங்கிலீசில் நீளமாய் ஏதோ சொன்னார். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அருந்ததி அவர்கள் பக்கம் திரும்பிக் கையைக் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"அம்மா, துரை சொல்லுறார், இந்த மாகாணத்திலை இப்பிடி ஒரு அரிவரி வகுப்பை அவர் காணேல்லையாம். எங்கடை ரீச்சரைப்போலை ஒரு ரீச்சரையும் எங்கையும் காணேல்லையாம்."

வேலிக்கு வெளியே தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கரத்தினம் கையால் வாயைப் பொத்தினாள்.

கார் போன பிறகு பெரிய வாத்தியார் ரீச்சரிடம் வந்தார். அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப்போட்டன் பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மீனாம்பிகைக்கு உடம்பெல்லாம் லேசானது மாதிரி இருந்தது. இனி யார் நினைத்தாலும் அந்தப் பிள்ளையைத் தன் வகுப்பிலிருந்து எடுக்க முடியாது. வாசலில் தாய்மார் சிரட்டைகளோடு துரையின் வெறுங்கால் தடங்களைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அருந்ததியைச் சுற்றிப் போட்டார்கள். பிறகு சூசைதாசனை, பிறகு மற்றவர்களை. நல்ல பெரிய கால் துரைக்கு, எல்லோருக்கும் மண் காணும் என்று லூர்த்தம்மா சந்தோசப்பட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று ரீச்சர் குடையை எடுத்தாள். தங்கரத்தினம் மறித்துக்கொண்டு வந்தாள். அவள் கையில் இன்னொரு சிரட்டை இருந்தது. அதில் தனியாய் எடுத்து வைத்த மண், உப்பு, மூன்று மிளகாய்.

"எங்கை போறியள்? இருங்கோ" என்றாள். "அவ்வளவு பெரிய சொல்லைச் சொல்லிப்போட்டுப் போறார் மனுசன். இது உங்களுக்கு. ஊர் விட்டு ஊர் வந்து இருக்கிறியள், உங்களுக்குச் சுத்திப்போட இஞ்சை ஆர் இருக்கினம், எங்களை விட்டால்?"

அரிவரிப் பிள்ளைகளின் கட்டை வாங்கில் முழங்கால் நாடியில் முட்ட மீனாம்பிகை ரீச்சர் கிழக்குப் பார்த்து இருந்தாள். இருக்கச் சொன்னபடி இருந்தாள். இந்த ஊருக்கு வந்து ஆறு மாதத்தில், அவளுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று ஒருவர் பயப்பட்டது இதுதான் முதல் தரம். தங்கரத்தினத்தின் கை மூன்று தரம் அவள் தலையைச் சுற்றியது. மண்ணும் மிளகாயும் நெருப்பில் விழுந்தன.

இந்த முறை காற்று அவள் பக்கம்தான் அடித்தது. புகை நேரே மூக்கில் ஏறியது. இருமல் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டையில் வந்து நின்றது. இருமினால் நாவூறு இல்லை என்று அர்த்தம். துரை சொன்னது ஒன்றுமில்லை என்று அர்த்தம். தங்கரத்தினம் பயந்தது பிழை என்று அர்த்தம். மீனாம்பிகை உதட்டைக் கடித்துக்கொண்டு இருமலை விழுங்கினாள். அது மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினாள். கண்ணால் நீர் ஓடியது.

சுற்றி நின்ற எல்லோரும் லொக்கு லொக்கென்று இருமினார்கள். ரீச்சர் இருமாததை மட்டும்தான் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். பாருங்கோ, ஒரு இருமல் இல்லை, எவ்வளவு நாவூறு, நல்ல காலம் கழிச்சாச்சு என்று தங்கரத்தினம் நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

அருந்ததி மட்டும் ரீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெல்லக் கிட்ட வந்து, தாய்மாருக்கு விளங்காதபடி காதுக்குள் இங்கிலீசில் சொன்னாள், இருமுங்கோ ரீச்சர், நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று.

மீனாம்பிகை ரீச்சர் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை.